தங்கச்சிக்கு வைத்த பாண்

கொட்டாஞ்சேனையில் இரும்புக் கம்பியும் சீமெந்தும் விற்கிற கடை என்னுடையது. கூரைகூட இல்லாத ஒரு துண்டு நிலத்தில் தொடங்கினேன். ஒருமுறை கலவரத்தில் எரித்தார்கள். சாம்பலைக் கூட்டி அள்ளிவிட்டு அதே இடத்தில் மறுபடியும் கதவு போட்டேன். வெள்ளவத்தையில் கடலைப் பார்த்து நிற்கிற மூன்று மாடி என்னுடையது. வங்கி மனேஜர் என்னைக் கதிரையில் இருக்கச் சொல்லாமலே பேசி அனுப்பிய காலத்தில் அதற்கு அத்திவாரம் வெட்டினேன். மருதானையில் கேற்றும் கிரிலும் செய்கிற பட்டறை ஒன்று. மூன்று பிள்ளைகளையும் பட்டதாரிகள் ஆக்கினேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதில் இரண்டு வருடம் இருந்தேன். ஆகவே அந்த வகுப்பை மற்றவர்களைவிட நன்றாகப் படித்தவன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பின்னேரங்களில் என்னோடு கடற்கரை றோட்டில் நடக்கிற நண்பர்களே, நமது நடைக்கூட்டம் போடுகிற மலருக்குச் சின்ன வயது ஞாபகம் ஒன்று எழுதித் தரச் சொன்னீர்கள். எஞ்சினியர் தன் கல்லூரி கிரிக்கெட்டைப் பற்றி எழுதிவிட்டாராம். கணக்காய்வாளர் தன் லத்தீன் வாத்தியாரைப் பற்றி எழுதுகிறாராம். எனக்குப் பள்ளிக்கூட ஞாபகம் குறைவு. வயிற்று ஞாபகம் உண்டு. நாம் கூடினால் வேறு எதைப் பற்றிக் கதைக்கிறோம்? யாருக்கு இன்று போனது, யாருக்குப் போகவில்லை, யார் சீனியை விட்டார், யார் மறுபடி தொடங்கினார். ஆகவே என் ஞாபகம் உங்களுக்கு அந்நியமாக இராது.

இதை இருந்த இடத்தில் இருந்து எழுத முடியவில்லை. இரண்டு வரி எழுதுகிறேன், எழும்பிப் பல்கனிக்குப் போகிறேன், றயிலைப் பார்க்கிறேன், திரும்பி வருகிறேன். ஒரு மாதமாக இப்படித்தான். காரணம் பின்னால் வரும். முதலில் ஒன்றைச் சொல்லி வைக்கிறேன்: கடையும் மாடியும் பிறகு வந்தவை. நான் முதன்முதலில் நிமிர்த்தி நிறுத்தியது என் தங்கச்சியின் உடம்பை.

அப்போது நாங்கள் கொட்டாஞ்சேனையில் ஒரு தோட்டத்தில் இருந்தோம். கொழும்பில் தோட்டம் என்றால் மரம் செடி இல்லை என்று உங்களுக்குத் தெரியும். எதிரெதிரே இரண்டு வரிசை அறைகள், நடுவில் சீமெந்துக் கான், ஒரு மூலையில் எல்லோருக்கும் ஒரு பைப், இன்னொரு மூலையில் எல்லோருக்கும் இரண்டு கக்கூஸ். அப்பாவுக்குத் துறைமுகத்தில் சரக்கு எண்ணுகிற வேலை. கப்பல் வந்தால் ஆள் வீட்டுக்கு வராது. எனக்குப் பதினொரு வயது நடந்தது. தங்கச்சிக்கு மூன்று நிறையவில்லை.

அவளுடைய கையும் காலும் ஈர்க்கு. வயிறு மட்டும் ஊதி, தோல் மினுங்கி, தொப்புள் வெளியே தள்ளி நிற்கும். தலைமயிர் செம்பட்டை. பிருஷ்டத்தில் சதை இல்லாமல் தோல் மடிந்து தொங்கும். ஒரு நாளில் பல தரம் போகும். வெளிறி, நுரைத்து, பளபளவென்று. அந்த நாற்றம் இப்போதும் என் மூக்கில் இருக்கிறது, விவரிக்க மாட்டேன், இதைச் சாப்பாட்டுக்கு முன் வாசிப்பவர்களும் உங்களில் உண்டு. நீல விளிம்பு வைத்த எனாமல் சட்டி ஒன்று அவளுக்கென்று இருந்தது. அம்மா அதைக் கழுவிக் கழுவியே அடியில் எனாமல் உதிர்ந்து கறுத்துப்போயிருந்தது. அப்படியொரு சட்டி வாங்குவோம் என்று அண்மையில் கடை கடையாய்க் கேட்டேன். கிடைக்கவில்லை. ஏன் வாங்க நினைத்தேன் என்று மனிசி கேட்டா. அடுத்த கடைக்கு நடந்தேன்.

பைப்படியில் பெண்கள் வாளி நிரம்பும்வரை தாழ்ந்த குரலில் கதைப்பார்கள். அம்மா வந்தால் நிறுத்துவார்கள். ஒரு நாள் நிறுத்தப் பிந்திவிட்டார்கள். “இது தங்காது” என்று ஒருத்தி சொன்னது அம்மாவின் காதில் விழுந்தது. அம்மா வாளியை வைத்துவிட்டு, தன் முறைக்குக் காத்து நின்று, தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தார். அறைக்குள் வந்த பிறகு தங்கச்சியின் கையைப் பிடித்து, தன் பெருவிரலும் சுட்டுவிரலும் சேர்த்து அதன் மணிக்கட்டைச் சுற்றிப் பார்த்தார். விரல்கள் தொட்டு, பிறகு ஒன்றின் மேல் ஒன்று ஏறின.

வீட்டில் சாப்பாட்டு அதிகாரம் பெரியப்பாவுடையது. அப்பாவின் தமையன். வெள்ளவத்தையில் சொந்த வீடு, அரசாங்கக் கந்தோரில் தலைமை லிகிதர். ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பஸ் ஏறி, குடையோடு வருவார். தங்கச்சியை டொக்டரிடம் கூட்டிப்போனதும் அவர்தான். டொக்டர் சொன்னது ஒரே வசனம் என்று அம்மா பிறகு சொன்னார்: லேசான சாப்பாடாகக் குடுங்கோ. எது லேசு, எது கனம் என்று தீர்ப்பு எழுதியது பெரியப்பா.

“சோறு கனம், பிள்ளை. அதிலும் உந்தக் கூப்பன் அரிசி கல்லு மாதிரி. இவளின்ர குடல் தாங்காது. கிழங்கு அறவே கூடாது. வெள்ளைக்காரன் ஏன் வருத்தக்காரனுக்கு வாட்டின பாண் குடுக்கிறான் எண்டு ஒரு நாளாவது யோசிச்சனீரே?”

“இல்லை அத்தான்” என்றார் அம்மா.

“யோசிக்க வேணும்.”

அப்படி யோசித்து அவர் வகுத்த சாப்பாடு இது. காலையில் வாட்டிய பாண், பால்மாவில் ஊறப்போட்டு. பத்து மணிக்கு ரஸ்க். மத்தியானம் றவைக் கஞ்சி. பின்னேரம் புட்டு அல்லது இடியப்பம். அந்தப் புட்டு எந்த மாவில்? நம் ஆட்கள் கோதுமை மாவைத் துணியில் கட்டி அவித்து, அரித்து எடுத்துவிட்டால் அது கோதுமை என்பதையே மறந்துவிடுவார்கள். அவித்த மா வயிற்றுக்கு நல்லது என்று சொல்வார்கள். இன்றைக்குத் தெரிந்ததை வைத்துக்கொண்டு அந்த நாளைப் பாருங்கள். காலை கோதுமை, பத்து மணி கோதுமை, மத்தியானம் கோதுமை, பின்னேரம் கோதுமை. என் தங்கச்சியின் குடலுக்கு ஆகாத பொருள் உலகத்தில் ஒன்றே ஒன்று, அது கோதுமை. அதை அவளுக்கு வேளை தவறாமல், வேறு எதுவும் வாயில் பட்டுவிடாமல், கண்ணும் கருத்துமாக ஊட்டிக்கொண்டிருந்தோம்.

அது பாண் வரிசைக் காலம். மா இல்லை, அரிசி இல்லை, மரவள்ளி தின்னுங்கள் என்றது அரசாங்கம். விடியற்காலையில் பேக்கரிக்கு முன்னால் வால் நீண்டுவிடும். எங்கள் வீட்டு வால் நான். கால் மாற்றி மாற்றி நிற்பேன். ஓரிடத்தில் நிற்கிற பழக்கம் அன்றும் இல்லை. பாண் வேகிற போறணை திறந்தால் மணம் ஒழுங்கை முழுக்கப் போகும். எனக்குப் பின்னால் நின்ற சாரக்காரர் ஒருவர் சொன்னார்: “தம்பி, தள்ளிப் போ. மணத்தில பாதிப் பசி போட்டுது. மிச்சப் பாதிக்காவது பாண் வேணும்.” பேக்கரி முதலாளி சிங்களவர். யார் எவ்வளவு கெஞ்சினாலும் “எக்காய் மல்லி, எக்காய்” என்று ஒரு விரலைக் காட்டுவார். ஆளுக்கு ஒன்றுதான்.

அந்த ஒரு பாணைப் பத்திரிகைத் தாளில் சுற்றிக்கொண்டு நடந்தால் சூடு நெஞ்சில் படும். விரல் தானாக மூலைக்குப் போகும். அம்மா வாசலிலேயே பாணைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்.

“இதென்ன, மூலை இல்லை?”

“பேக்கரியில எலி, அம்மா.”

“ஓமோம். முன்பல்லு ரெண்டும் பெரிசான எலி.”

அந்தப் பாணில் எங்களுக்குப் பங்கு இல்லை. முழுவதும் தங்கச்சிக்கு, காலை, மிஞ்சினது மறுநாளுக்கு. நாங்கள் அவித்த மரவள்ளிக் கிழங்கும் தேங்காய்ச் சம்பலும் தின்றோம், கூப்பன் அரிசி கிடைத்தால் ஒரு நேரம் சோறு. எனக்குப் பாண் ஆசை என்றால் சாதாரண ஆசை இல்லை. கனவில் பாண் வந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள். வந்தது. பேசவும் செய்தது. என்ன பேசியது என்பதை விடுங்கள்.

தங்கச்சிக்கோ அதைக் கண்டாலே ஆகாது. அம்மா பைப்படிக்கு உடுப்புக் கழுவப் போகும்போது கோப்பையை என் கையில் தருவார்.

“இந்தா, தங்கச்சிக்குத் தீத்து. ஒரு துண்டும் மிஞ்சப்படாது.”

நான் பாணை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோவேன். அவள் தலையைத் திருப்பி, உதட்டை உள்ளே மடித்துக்கொண்டு, என் கோப்பையில் கிடக்கிற கிழங்கைக் காட்டுவாள். “அது.”

“உது உனக்குக் கூடாது.”

“அது.”

நண்பர்களே, வியாபாரம் என்றால் என்ன? அவரிடம் இருப்பது எனக்கு வேண்டும், என்னிடம் இருப்பது அவருக்கு வேண்டும். யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. கதவுக்குப் பின்னால், தண்ணீர்ப் பீப்பாய்க்கும் சுவருக்கும் நடுவில் வைத்து என் வாழ்க்கையின் முதல் வியாபாரத்தை முடித்தேன். கிழங்கை மசித்து, சம்பலில் மிளகாய் படாத தேங்காய்ப்பூவைப் பொறுக்கிச் சேர்த்து உருட்டிக் கொடுத்தேன். அவள் மென்றாள். நான் பால்மாவில் ஊறின பாணை விழுங்கினேன். அந்த ருசிக்கு ஈடாக இன்றுவரை எந்த ஹோட்டலும் எனக்கு எதுவும் வைக்கவில்லை.

“முழுக்கத் திண்டவளோ?”

“கோப்பையைப் பாருங்கோ அம்மா.”

அம்மா கோப்பையைப் பார்ப்பார். கோப்பை துப்புரவு.

வியாபாரம் விரிந்தது. ரஸ்க்குக்கு என் சோறு. புட்டுக்கு என் வாழைப்பழம். றவைக் கஞ்சி எனக்கும் பிடிக்காது. அதைக் கானில் ஊற்றி ஒரு சிரட்டை தண்ணீர் விட்டால் போய்விடும். கொஞ்ச நாள் போக, கொடியில் காய்கிற துணிகள் குறைந்தன. தங்கச்சி அறையை விட்டு வெளியே வந்து, கானில் ஓடுகிற தண்ணீருக்குள் ஈர்க்கை விட்டுப் பார்த்தாள். பிறகு அவளுக்குக் கோபம் வரத் தொடங்கியது. ஒரு நாள் கிழங்கு உருண்டை பிந்தியது என்று என் முழங்கையில் கடித்தாள். பல் பதிந்தது. அழக்கூடப் பலம் இல்லாமல் கிடந்த பிள்ளை.

பெரியப்பா வந்து பார்த்தார். குடையைச் சுவரில் சாத்தினார். முகம் நிறைந்த திருப்தி.

“பாத்தீரே பிள்ளை. ரஸ்க் வேலை செய்யுது.”

அடுத்த கிழமை இரண்டு பை ரஸ்க் கொண்டுவந்தார்.

அப்போது பள்ளிக்கூட விடுமுறை வந்தது. “உவனை என்னோட விடும். இங்கிலீசு கொஞ்சம் ஏத்திவிடுறன்” என்று பெரியப்பா என்னை வெள்ளவத்தைக்குக் கூட்டிப்போனார். கடலோர வீடு. ஜன்னல் கம்பியைப் பிடித்தால் துரு கையோடு வரும். றயில் போனால் அலுமாரிக்குள் கண்ணாடிக் கிளாஸ்கள் ஒன்றையொன்று தட்டும். அகராதியைத் திறந்து வைத்து இருக்கச் சொல்வார். எனக்குத் தொடை அரிக்கும். எழும்புவேன். “இரடா” என்பார். இருப்பேன். அடுத்த றயிலுக்கு எழும்புவேன்.

ஒரு பின்னேரம் அப்பா வேலைக் களிசானோடே வாசலில் வந்து நின்றார். “பிள்ளைக்குத் திரும்பவும் துவங்கிட்டுது, அண்ணை. முந்தியைவிட மோசம்.”

நான் வீட்டுக்கு வந்தபோது தங்கச்சி பாயில் கிடந்தாள். வயிறு பழையபடி. என்னைக் கண்டும் கண்ணைத் திருப்பவில்லை. அம்மா அந்தச் சட்டிக்குப் பக்கத்தில் காலை நீட்டி இருந்தார். “நேரந்தவறாமல் குடுத்தனான். ஒரு நேரமும் விடேல்லை. ரஸ்க்கும் குடுத்தனான், பாணும் குடுத்தனான். என்னெண்டு தெரியேல்லை” என்று அப்பாவிடம் சொன்னார்.

எனக்குத் தெரிந்தது. குடலைப் பற்றி ஒன்றும் தெரியாது. சரக்கு கைமாறினது தெரிந்தது. நான் இல்லாத நாட்களில் என் பாண் அவளுடைய வயிற்றுக்குள் போயிருக்கிறது.

அன்றைக்கே சொன்னேன். ஒளிக்கவில்லை, இதைக் கவனியுங்கள். “அம்மா, அவளுக்குப் பாண் குடுக்காதேங்கோ. அது அவளுக்கு ஒத்துக்கொள்ளேல்லை.”

“உனக்குத் தின்ன வேணும் எண்டு சொல்லன்.”

பெரியப்பா கதிரையிலிருந்து எழும்பி எனக்குக் கையைக் கூப்பினார். “வாங்கோ டொக்டர். ஐஞ்சாம் வகுப்பை விட மனமில்லாமல் இன்னும் அங்கயே இருக்கிற பெரிய டொக்டர். வேற என்ன மருந்து எழுதுறியள்?” அப்பாகூடச் சிரித்துவிட்டார். பிறகு தங்கச்சியைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார்.

நான் என்ன செய்வது? பாணை வெளியே எறிய முடியாது. அந்தக் காலத்தில் தோட்டத்தில் ஒரு துண்டுப் பாண் கீழே கிடந்தால் எந்த வீட்டுப் பாண் என்று விசாரணை நடக்கும். காகம் கூடிவிடும். கானில் போட்டால் ஊதி மிதக்கும். ஒரே ஒரு இடம்தான் பாதுகாப்பு, என் வயிறு. முன்பு பசித்துத் தின்றேன். இந்தத் தரம் பசியில்லாமல் தின்றேன். பெரியப்பா பயந்துபோய் ரஸ்க்கை இன்னும் கூட்டியிருந்தார். காலையில் தின்றது அடிவயிற்றில் இருக்கும்போதே பத்து மணிக்கு வரும். தொண்டையில் நிற்கும். தண்ணீர் விட்டு இறக்குவேன். பாண் மணத்துக்கு வாய் ஊறினவன், அது போய், மணத்துக்கே குமட்டத் தொடங்கினேன். தொடர்ந்து தின்றேன். நான் விட்ட துண்டு யாருடைய வாய்க்குப் போகும் என்று தெரியும்.

எனக்குக் கக்கூஸ் நின்றுபோனது. வயிறு சீமெந்துப் பை. அம்மா என்னைப் பிடித்து ஆமணக்கெண்ணெய் பருக்கினார். “ஒருத்திக்கு நிக்குதில்லை, மற்றவனுக்கு வருகுதில்லை. ரெண்டு வயித்தையும் கலந்து ஆளுக்குப் பாதியாப் பிரிச்சா எவ்வளவு நல்லது.”

தங்கச்சி மறுபடி தேறினாள். இந்தத் தரம் மெதுவாக. கான் வரைக்கும் வந்தாள். பிறகு பைப்படி வரைக்கும்.

இனி இஞ்சி வருகிறது. தேறுகிற வயிறு திரும்பவும் குழம்பிவிடக்கூடாது என்று அம்மா ஒரு காலையில் இஞ்சி இடித்துச் சாறு பிழிந்து, தெளியவைத்து, தேன் விட்டுத் தங்கச்சிக்குக் கொடுத்தார். எனக்குத் தெரியாது. மத்தியானம் வழக்கம்போல் கதவுக்குப் பின்னால் கிழங்கு கொடுத்தேன். பக்கத்து அறை உம்மா உப்புக் கேட்டு வந்தவர், கதவை விலக்கினார். உம்மா என்றுதான் தோட்டத்துப் பிள்ளைகள் எல்லோரும் அவரைக் கூப்பிடுவோம்.

“என்னா தம்பி, புள்ளைட வாய்ல?”

“கிழங்கு, உம்மா.”

“மரவள்ளியா? காலத்தால இஞ்சிச்சாறு குடிச்ச புள்ளைக்கா?” உம்மாவின் கையிலிருந்த சிரட்டை விழுந்தது. “புள்ள, ஓடிவா, ஓடிவா. இவன் மரவள்ளி குடுத்திட்டான்.”

மரவள்ளியையும் இஞ்சியையும் ஒரே நாளில் தின்றால் ஆள் முடிந்தது. தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் மூவரும் சண்டையில்லாமல் ஒத்துக்கொண்ட ஒரே விஷயம் இந்த நாட்டில் அது. நானும் நம்பினேன். அதுவரை எனக்குப் பயம் இல்லை. அப்போது வந்தது. அம்மா ஈரக்கையோடு ஓடிவந்து தங்கச்சியின் வாய்க்குள் விரலை விட்டுத் தோண்டினார். தோட்டமே வாசலில். யாரோ பெரியப்பாவின் கந்தோருக்கு ஆள் அனுப்பினார்கள். யாரோ மஞ்சள் கூரை வைத்த குட்டி டாக்ஸி ஒன்றைப் பிடித்தார்கள். அம்மா, உம்மா, மடியில் தங்கச்சி. என்னையும் இழுத்து ஏற்றினார்கள். ஏன் என்று தெரியாது. தண்டனைக்கு ஆள் கையோடு இருக்கவேண்டும் என்று நினைத்திருப்பார்கள்.

டொக்டர் வீட்டு வாங்கில் இருந்தோம். எல்லோரும் தங்கச்சியின் வாயையே பார்த்தோம். நுரை வரும் என்று உம்மா சொல்லியிருந்தார். பெரியப்பா கழுத்தில் கட்டின ரையோடு வியர்த்து விழுந்தடித்து வந்து, அவரும் வாயைப் பார்த்தார். அந்த நேரத்தில் நான் ஒன்றை மனதுக்குள் சொன்னேன்: இவள் தப்பினால் இனிப் பாணைக் கண்ணாலும் பாரேன். தங்கச்சி எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு என் பக்கம் கையை நீட்டினாள்.

“கியங்கு.”

எல்லோரும் இன்னும் நுரையைத் தேடினார்கள். “கியங்கு தா” என்றாள், இந்தத் தரம் கோபமாக.

உள்ளே டொக்டர் அவளைத் தராசுத் தட்டில் கிடத்தினார். குண்டை நகர்த்தினார், திரும்பவும் நகர்த்தினார். “கூடியிருக்கு. நல்லாக் கூடியிருக்கு. என்ன சாப்பாடு குடுக்கிறீங்கள்?”

“பாண், ரஸ்க், றவை. எல்லாம் என்ர மேற்பார்வை, டொக்டர்” என்றார் பெரியப்பா.

அம்மா அழுதுகொண்டே குறுக்கிட்டார். “இவன் மரவள்ளி குடுத்திட்டான் டொக்டர். இஞ்சியும் குடிச்சவள்.”

டொக்டர் என்னைப் பார்த்தார். “இண்டைக்குத்தான் குடுத்தனியோ?”

“இல்லை. கன நாளா.”

“அப்ப அவளுக்கு வைச்ச பாண்?”

“நான் திண்டிட்டன்.”

“ரஸ்க்?”

“அதுவும்.”

“இடையில வருத்தம் கூடினது எண்டாங்களே?”

“அப்ப நான் வெள்ளவத்தையில இருந்தனான்.”

டொக்டர் என்னைக் கிட்டக் கூப்பிட்டு, சட்டையைத் தூக்கி, வயிற்றை அமுக்கினார். “மருந்து இவனுக்குத்தான் வேணும்” என்றார். அம்மாவிடம் திரும்பினார். “பிள்ளைக்கு ஒண்டும் நடவாது. பயப்பிடாதேங்கோ. சோறோ கிழங்கோ, இவ்வளவு நாளும் என்ன திண்டாளோ அதையே குடுங்கோ. பாண், மாச் சாமான் எல்லாத்தையும் நிப்பாட்டுங்கோ.”

திரும்பி வருகிற வழியில் பெரியப்பா ரையைத் தளர்த்திக்கொண்டு சொன்னார்: “நானும் அதைத்தான் யோசிச்சனான், பிள்ளை. இனிச் சோத்துக்கு மாத்தலாம் எண்டு. சொல்லத்தான் இருந்தனான்.”

அம்மா வீட்டுக்கு வந்து அகப்பைக் காம்பை எடுத்தார். பைப்படிக்கு முன்னால், எல்லோரும் பார்க்க. “வருத்தக்காரப் பிள்ளையின்ர பாணை, வாயில இருந்து பறிச்சு…” அதற்கு மேல் வசனம் முடியாது, அடி விழும். உம்மாதான் இடையில் வந்தார். “விடு புள்ள. அவன்ட வயித்துல அடி விழவும் எடமில்ல.” அன்றிலிருந்து தோட்டத்தில் என் பெயர் பாண் கள்ளன்.

அந்த அடி ஏன் அவ்வளவு பலமாக விழுந்தது என்று வயது போனபிறகு விளங்கியது. பாண் வரிசைக் காலம் முழுவதும் அம்மா ஒரு துண்டுப் பாண் வாயில் வைத்து நான் பார்த்ததில்லை. வெறும் தேத்தண்ணியும் கிழங்கும். தன் பசியைத்தான் துண்டு துண்டாக அந்தக் கோப்பையில் வைத்திருக்கிறார். நான் அதைக் கதவுக்குப் பின்னால் வைத்துத் தின்றிருக்கிறேன். அம்மாவுக்கு அது கணக்கில் தீரவில்லை. எனக்கு அம்மாமேல் கோபம் இல்லை.

தங்கச்சி சோறு தின்று, மீன் தின்று, வளர்ந்தாள். படித்தாள், அதிபர் ஆனாள். பாண் தின்பதில்லை, சின்ன வயதிலிருந்து பிடிக்காது என்பாள். போன மாதம் அவள் ஓய்வு பெற்றதற்கு வெள்ளவத்தையில் ஒரு மண்டபத்தில் பாராட்டு விழா. அந்த மண்டபத்துத் தூணுக்குள் போன கம்பி என் கடையில் எடுத்தது, அதையும் ஒருவரும் சொல்லவில்லை. அவளுடைய மகன் கனடாவிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்தான். மைக்கில் பேசினான்.

“அம்மா சின்ன வயசில வயித்து வருத்தத்தில சாகக் கிடந்தவ. பெரியப்பா தாத்தாவும் ஒரு டொக்டரும் இருந்தபடியால் தப்பினவ. அந்த நேரம் மாமா என்ன செய்தவர் தெரியுமே? அம்மாவின்ர பாணைக் களவெடுத்துத் திண்டவர்.”

மண்டபம் சிரித்தது. முன்வரிசையில் இருந்த நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்தால் அதற்கும் சிரிப்பார்கள்.

பிறகு சாப்பாட்டு மேசை. தங்கச்சி மகனுடைய சின்னப் பெண், நாலு வயது, ஒரு மீன் ரோல்ஸில் கையை வைத்தாள். தாய் பாய்ந்து அதைப் பிடுங்கினாள்.

“விடன் பிள்ளை, ஒண்டுதானே” என்றேன்.

“ஐயோ மாமா, இவளுக்குக் கோதுமை துண்டறக் கூடாது. பாண், ரோல்ஸ், கேக் ஒண்டும் ஏலாது. குடல் அரிச்சுப்போயிடும். பரம்பரையா வாறதாம். மாமிக்கும், உங்கட தங்கச்சிக்குத்தான், கனடாவுக்கு வந்த நேரம் இரத்தம் சோதிச்சது, அவவுக்கும் இருக்கு.”

கோப்பையை வைத்துவிட்டு வெளியே போனேன். திரும்பி வந்தேன். தங்கச்சி மாலையோடு இருந்தாள். குனிந்து, “உனக்கு விளங்குதோ?” என்றேன்.

“என்ன அண்ணை?”

“பாண்.”

அவள் யோசித்தாள். படித்தவள், சட்டென்று பிடித்துவிட்டாள். கண் கொஞ்சம் விரிந்தது. பிறகு சிரித்தாள். “அதுக்கு நீங்கள் எனக்காகவே திண்டனீங்கள்? பசியிலதானே திண்டனீங்கள்.”

ஒரு மாதமாக நான் இருந்த இடத்தில் இருக்காமல் நடப்பது இந்தக் கேள்விக்குத்தான். பசியில் தின்றேன், ஓம். முதல் பாதி. டொக்டரும் கட்டணத்துக்குத்தான் பார்த்தார். அவருக்கு மைக்கில் நன்றி. வெள்ளவத்தையால் வந்த பிறகு தின்றது யாருடைய பசி? குமட்டக் குமட்ட விழுங்கினது, ஆமணக்கெண்ணெய் குடித்தது, அகப்பைக் காம்பு வாங்கினது? பதினொரு வயதில் என்னால் நியாயம் சொல்ல முடியவில்லை. இப்போது சொல்கிறேன். மலர்க்குழு இதில் ஒரு வரியையும் வெட்டக்கூடாது.

பெரியப்பாவின் பெயரை எடுக்கச் சொல்லவில்லை. இரண்டு பஸ் ஏறி வந்த மனிசன், இருக்கட்டும். டொக்டரும் இருக்கட்டும். மகன் கனடாவுக்குத் திரும்புமுன் தங்கச்சி வீட்டில் எல்லோரும் கூடுகிறார்கள். மைக் வேண்டாம், மாலை வேண்டாம். அவள் எழும்பி நிற்கட்டும். அந்தச் சின்னப் பெண்ணுக்கும் கேட்கிற மாதிரிச் சொல்லட்டும்: என்னுடைய பாணை அண்ணை தின்றார், அதனால் நான் இருக்கிறேன். இரண்டையும் ஒரே வசனத்தில் சொல்ல வேண்டும். இடையில் சிரிக்கக்கூடாது.